எவரெஸ்ட் அடிவாரத்துக்கு எட்டு கிலோமீட்டர் முன்பு...

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அந்தச் சடங்கு நடந்துவிடும். மகள் பையிலிருந்து பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுப்பாள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வாங்கிய அதே கருவி. முதலில் அப்பாவின் விரல், பிறகு தன்னுடைய விரல். இரண்டு எண்களையும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்வாள்.

பாக்டிங் கிராமத்தில் அப்பாவுக்கு 94 இருந்தது. நாம்சே பஜாரில் 90 ஆனது. மேலே போகப் போக எண் இறங்கிக்கொண்டே வந்தது. "காத்து குறையுதுல்லப்பா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்பாள் மகள். அப்பா தலையாட்டுவார்.

அதே அறையின் மூலையில், அவர்களுடைய பைகளைச் சுமந்து வந்த இளைஞர் உட்கார்ந்திருப்பார். அவருடைய விரலை யாரும் கேட்டதில்லை.

அப்பா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வயது 61. எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டர் என்று முப்பது வருடங்களுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து புதிய அளவாக 8,848.86 மீட்டர் என்று அறிவித்தபோது, "86 சென்டிமீட்டர் கூடிப்போச்சு" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர். சிகரம் ஏறுவதெல்லாம் அவர் கனவில் இல்லை. 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பில் ஒரு பத்து நிமிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகும் மகள் இரண்டு வருடம் பணம் சேர்த்து அந்த ஆசைக்குத் தேதி குறித்தாள். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் அவர் வரவில்லை. கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "தலை வலிச்சா மறைக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் இறங்கிடணும்." ஆசிரியர் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார்.

அண்ணன் என்றால் 'தாய்'

அக்டோபர் மாதம். சீசன் நேரத்தில் காத்மாண்டு விமான நிலையத்தின் நெரிசலைக் குறைக்க, லுக்லா செல்லும் விமானங்கள் பல ராமேசாப்பிலிருந்து கிளம்புகின்றன. நள்ளிரவில் காத்மாண்டுவிலிருந்து வேனில் புறப்பட்டு, நாலைந்து மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கி, விடிகிற நேரத்தில் அந்தச் சின்ன விமானத்தில் ஏறினார்கள்.

லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர்தான். அதுவும் சமதளம் இல்லை, ஏறக்குறைய 12 சதவீதச் சரிவு. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகத்தைக் குறைக்கிறது. கிளம்பும் விமானம் சரிவில் ஓடி வேகம் பிடிக்கிறது. 1964ல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்த இந்த விமான நிலையத்துக்கு, 2008ல் டென்சிங் - ஹிலாரி என்று பெயர் சூட்டினார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் பயணிகள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியரும் தட்டினார்.

அங்கேதான் கைடும் போர்ட்டரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கைடு நாற்பது வயது ஷெர்பா. ஷெர்பா என்பது தொழிலின் பெயர் என்றுதான் மகள் அதுவரை நினைத்திருந்தாள். அது ஓர் இனத்தின் பெயர், 'கிழக்கிலிருந்து வந்தவர்கள்' என்று பொருள், சில நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள் என்று கைடு சொன்னார். அவர்களில் பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். திங்கள் என்றால் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லக்பா, வெள்ளி பசாங், ஞாயிறு நிமா.

போர்ட்டர் இளைஞருக்கு வயது 22. அவர் ஷெர்பா இல்லை. தெற்கே கோதாங் மாவட்டத்தில், ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கிராமம். இந்தப் பாதையில் சுமை தூக்குபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். தாழ்வான மலைகளிலிருந்து சீசனுக்கு வேலை தேடி வரும் ராய், தமாங், மகர் இனத்துப் பிள்ளைகள். திகார் பண்டிகைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும், அன்று அக்கா நெற்றியில் பொட்டு வைப்பாள், அவளுக்கு நல்லதாக ஒரு ஷால் வாங்க வேண்டும் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

கைடு ஆசிரியரை "தாய்" என்று கூப்பிட்டபோது மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நேபாளியில் அண்ணனுக்கு அதுதான் சொல். அக்கா 'தீதி', தம்பி 'பாய்'. இளைஞர் மட்டும் கடைசிவரை "சர்" என்றே கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஓகே சர்."

நெற்றியில் ஏறும் ஊர்

லுக்லாவுக்கு மேலே வண்டி போகிற சாலை இல்லை. அரிசி, கேஸ் சிலிண்டர், தகரம், கதவு, நூடுல்ஸ் பெட்டி என எதுவானாலும் மனித முதுகிலோ, விலங்குகளின் முதுகிலோ, ஹெலிகாப்டரிலோதான் மேலே போக வேண்டும். அதனால் ஒவ்வொரு கிராமத்திலும் விலைப்பட்டியல் முந்தைய ஊரைவிட ஒரு படி ஏறியிருக்கும். கொதிக்கவைத்த தண்ணீருக்கும் காசு, போனில் சார்ஜ் ஏற்றவும் காசு.

தூத் கோசி ஆற்றின் மேலே தொங்கும் பாலங்களில், எதிரே சுமைக்காரர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது இந்தப் பாதையின் முதல் பாடம். 'டோகோ' என்கிற மூங்கில் கூடை முதுகில் இருக்கும். 'நாம்லோ' என்ற பட்டை கூடையின் அடியிலிருந்து வந்து நெற்றியில் மாட்டியிருக்கும். மொத்தப் பாரமும் தலையிலும் கழுத்திலும்தான். கையில் ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு குட்டைக் கம்பு இருக்கும். மூச்சு வாங்கும்போது கூடையை அதன்மேல் நிறுத்தி நின்றபடியே இளைப்பாறுவார்கள். கீழே இறக்கிவைத்தால் மறுபடி தூக்குவது சிரமம்.

இளைஞரிடம் கூடை இல்லை. அப்பா, மகள் இருவருடைய பெரிய பைகளையும் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டை நெற்றிப்பட்டையில் மாட்டிக்கொண்டார். 24 கிலோ. அதற்கு மேல் அவருடைய சொந்தப் பை, ஒரு சின்னப் பள்ளிக்கூடப் பை அளவு. காலில் மெல்லிய ஸ்போர்ட்ஸ் ஷூ.

ஆசிரியர் முதல் நாள் சங்கடப்பட்டார். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. இளைஞர் எப்போதும் முன்னால் போய்விடுவார். இவர்கள் மூச்சிரைக்க விடுதிக்கு வந்து சேரும்போது, பைகள் அறையில் தயாராக இருக்கும்.

"பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பது கைடின் மந்திரம். மெதுவாக, மெதுவாக. ஹிலாரி பெயர் கொண்ட உயரமான தொங்குபாலத்தைத் தாண்டியதும் நாம்சே வரை ஒரே ஏற்றம். 3,440 மீட்டரில், குதிரை லாடம் போல வளைந்த மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். உள்ளே பேக்கரி, வங்கி, மருந்துக்கடை, சனிக்கிழமைச் சந்தை. அங்கே இரண்டு இரவுகள் தங்கினார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான விதி. உடம்பு புதிய காற்றுக்குப் பழக அந்த அவகாசம் தேவை.

ஓய்வு நாளில் கும்ஜுங் கிராமத்துக்கு நடந்தார்கள். 1961ல் ஹிலாரி தொடங்கிய பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. மைதானத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். 3,790 மீட்டரில் நின்று கொண்டு, பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும் ஆசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல் சுவர் கட்டிய வயல்களில் உருளைக்கிழங்கு அறுவடை முடிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் உருளைக்கிழங்கு இந்த ஊருக்கு வந்தது. இன்று அது இல்லாமல் இங்கே சமையலே இல்லை.

டெங்போசேயில் மடாலயம். 1916ல் கட்டியது, 1934 பூகம்பத்தில் இடிந்தது, திரும்பக் கட்டியது 1989ல் தீயில் எரிந்தது, மறுபடியும் எழுப்பினார்கள். எதிரே அமா தப்லம் சிகரம். அம்மாவின் கழுத்தில் தொங்கும் தாயத்துப் பேழை என்று பெயருக்குப் பொருள். நடுவில் ஓர் உச்சி, இரண்டு பக்கமும் கை விரித்தது போல மலை. அம்மாவுக்கு அனுப்ப மகள் ஐம்பது படம் எடுத்தாள்.

ஓகே சர்

டிங்போசே 4,410 மீட்டர். மரங்கள் முடிந்துபோய்ப் புதர்களும் கல்லும் மட்டும் மிஞ்சிய இடம். இங்கேயும் இரண்டு இரவுகள். சாப்பாட்டு அறையின் நடுவே இரும்பு அடுப்பு. காய்ந்த யாக் சாணத்தில் எரியும். எல்லா நாட்டுக்காரர்களும் அதைச் சுற்றி ஈர சாக்ஸோடு உட்கார்ந்திருப்பார்கள். விருந்தினர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கைடுகளும் போர்ட்டர்களும் சாப்பிடுவார்கள். எல்லோரும் தூங்கப் போன பிறகு அதே அறையின் பெஞ்சுகள்தான் போர்ட்டர்களில் பலருக்குப் படுக்கை.

அவர்களுக்கு எப்போதும் பருப்பும் சோறும். 'தால் பாத்' கேட்டால் மறுபடி மறுபடி பரிமாறுவார்கள், கூடுதல் காசு கிடையாது. நாம்சேயில் இளைஞர் மூன்று முறை சோறு வாங்கியதைப் பார்த்து மகள் ஆச்சரியப்பட்டிருக்கிறாள். டிங்போசேயில் அவர் முதல் தட்டிலேயே பாதியை வைத்துவிட்டு எழுந்தார். அது ஆசிரியர் கண்ணில் பட்டது. "எல்லாம் ஓகேவா பாய்?" என்றார். "ஓகே சர்." ஆசிரியரும் அதோடு விட்டுவிட்டார்.

மறுநாள் லோபுசே நோக்கி நடந்தார்கள். துக்லாவைத் தாண்டிய செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் வரிசையாகக் கல் குவியல்கள், ஸ்தூபிகள், படபடக்கும் கொடிகள். எவரெஸ்ட்டில் உயிர்விட்டவர்களின் நினைவிடம். பத்து முறை சிகரம் தொட்ட பாபு சிரி ஷெர்பாவுக்கும் அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். வெளிநாட்டு மலையேறிகள், ஷெர்பாக்கள். சுமைகாரர் ஒருவரின் பெயராவது இருக்குமா என்று தேடினார். அவர் கண்ணில் படவில்லை.

அந்த ஏற்றத்தில்தான் ஒரு விஷயம் நடந்தது. எப்போதும் முன்னால் போகிற இளைஞர் அன்று அவர்களுக்குப் பின்னால் வந்தார்.

லோபுசே 4,940 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இன்னும் எட்டு கிலோமீட்டர் போனால் பேஸ் கேம்ப். ராத்திரி சடங்கில் மகளுக்கு 84, அப்பாவுக்கு 79. "தலைவலி இருக்காப்பா?"

"இல்லம்மா."

இருந்தது. பின்மண்டையில் மதியத்திலிருந்தே விட்டுவிட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள், நாளைக்குப் போய் நின்றுவிட்டால் போதும், அப்புறம் இறக்கம்தானே என்று நினைத்தார். அம்மாவிடம் செய்த சத்தியமும் ஞாபகத்துக்கு வந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஒரு நேர்க்கோடு

காலை ஆறு மணி. கழிப்பறைக்குப் போன மகள் பதற்றத்தோடு ஓடி வந்தாள். இளைஞர் விடுதிக்கு வெளியே, உறைந்த தரையில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் தூங்கிய மற்ற போர்ட்டர்கள் சொன்னார்கள்: இரண்டு நாளாகவே தலைவலி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மகள் ஆக்ஸிமீட்டரை எடுத்து வந்தாள். எட்டு நாளில் முதல்முறையாக அவருடைய விரலைப் பிடித்தாள். 63 என்று காட்டியது.

கைடு அவரை எழுப்பி நிறுத்தி, தரையில் ஒரு கோடு இழுத்து, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் இளைஞர் சாய்ந்தார். கைடின் முகம் மாறியது. உயரத்தில் வரும் சாதாரணத் தலைவலி வேறு, நடை தடுமாறுவது வேறு. மூளையில் நீர் கோத்து வீக்கம் காணத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து, உடனே கீழே இறங்குவது.

"ஏன் சொல்லல?" என்று கைடு நேபாளியில் அதட்டினார். இளைஞர் தலை குனிந்தபடி சொன்னதை அவரே மொழிபெயர்த்தார். வேலையைப் பாதியில் விட்டால் மீதி நாள் கூலி போய்விடும், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று பயந்திருக்கிறார்.

கைடு கெட்டவர் இல்லை. ஆனால், அவர் பொறுப்பில் இரண்டு விருந்தினர்கள் இருக்கிறார்கள். "மலைக்காரப் பையன்தான், சமாளிப்பான். கீழே போகிற யாக் காரர்களோடு அனுப்பிவிடலாம். நாம் கிளம்பலாம் தாய்" என்றார்.

"வழியில விழுந்துட்டா?" ஆசிரியர் கேட்டார். கைடு பதில் சொல்லவில்லை.

மலைக்காரர்களுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த உயரத்தில் வாழும் ஷெர்பாக்களின் உடம்பு அதற்கேற்ப மாறியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கோதாங்கின் தாழ்வான கிராமத்திலிருந்து வந்த பிள்ளைக்கும், சமவெளியிலிருந்து வந்த ஆசிரியருக்கும் அந்த வசதி இல்லை. இருவருக்கும் ஒரே காற்றுதான். ஒருவர் முதுகில் 5 கிலோ, இன்னொருவர் நெற்றியில் 24 கிலோ. நோய்ப்பட்ட போர்ட்டரைத் தனியாகக் கீழே அனுப்பி, அவர் வழியிலேயே இறந்துபோன சம்பவங்கள் இந்த இமயத்தில் நடந்திருக்கின்றன. 1997ல் போர்ட்டர்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு சர்வதேசக் குழு உருவானது. நோயுற்ற போர்ட்டரை ஒருபோதும் தனியே அனுப்பாதீர்கள், அவர் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது அது வலியுறுத்தும் விதிகளில் ஒன்று.

"நீங்க அவர் கூட இறங்குங்க" என்றார் ஆசிரியர் கைடிடம். "நானும் வர்றேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா... நீங்க ஏன்?"

அதே விடுதியில் தங்கியிருந்த இன்னொரு குழுவின் கைடு, இவர்களுடைய கைடின் ஊர்க்காரர். அப்பாவையும் மகளையும் அவரோடு மேலே அனுப்பியிருக்கலாம். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்.

"நேத்து மதியத்துலருந்து எனக்கும் தலை வலிக்குதும்மா. பொய் சொல்லிட்டேன்."

மகள் கண் கலங்கினாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "நானும் இறங்கிடுறேன்."

"உனக்கு ஒண்ணும் இல்ல. நீ போய்ட்டு வா. யாராச்சும் ஒருத்தர் பார்க்கணும்ல."

இளைஞர் கூலி பயத்தில் மறைத்தார். ஆசிரியர் ஆசையில் மறைத்தார். மறைத்தது என்னவோ ஒரே தலைவலிதான்.

இறக்கம்

மகள் மற்ற குழுவோடு கோரக்ஷேப் நோக்கி நடந்தாள். அவளுடைய பெரிய பை விடுதியிலேயே இருந்தது, மறுநாள் கீழே இறங்கும் வேறொரு போர்ட்டரிடம் அதற்குக் கூலி பேசினார் கைடு. கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் ஆசிரியர் அந்த நெற்றிப்பட்டையை மாட்டி ஒருமுறை தூக்கிப் பார்த்தார். எழுந்திருக்கவே முடியவில்லை. கழுத்து பின்னால் இழுத்தது. எட்டு நாளாக அவருடைய மாற்று ஸ்வெட்டரும், முறுக்கு டப்பாவும், படிக்காமலே வைத்திருந்த இரண்டு புத்தகங்களும் அந்தப் பட்டையில்தான் தொங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

கைடு ஆசிரியரின் பையை முதுகில் போட்டுக்கொண்டு, இளைஞரின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர் தன் பையோடு, இளைஞரின் சின்னப் பையையும் முன்பக்கமாக மாட்டிக்கொண்டார். சீக்கிரம் நடந்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற இறக்கம். அன்று ஐந்து மணி நேரம் ஆனது. நினைவிடத்தின் கொடிகளுக்கு நடுவே ஒருமுறை உட்கார்ந்தார்கள். ஆசிரியர் பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இளைஞரின் கையுறையில் இரண்டு விரல்களில் ஓட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தார். தன்னிடம் இருந்த இரண்டாவது ஜோடியை மாட்டிவிட்டார்.

பெரிசே 4,370 மீட்டர் உயரத்தில் காற்று வீசும் ஓர் அகன்ற பள்ளத்தாக்கு. 1973 முதல் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் அங்கே ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. சீசன் நேரத்தில் தன்னார்வ மருத்துவர்கள் வந்து தங்கிப் பணியாற்றுவார்கள். அவர்கள் இளைஞருக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள், மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். இன்னொரு நாள் மேலே நடந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். ஆசிரியரையும் பரிசோதித்தார். ஆரம்ப நிலைதான், இறங்கியதே வைத்தியம் என்றார். ஆக்ஸிமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஆளைப் பாருங்கள், சாப்பிடுகிறாரா, சிரிக்கிறாரா, நேராக நடக்கிறாரா என்று பாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஆசிரியருக்குத் தலைவலி போய்விட்டது. விடுதி ஜன்னலில் உட்கார்ந்து, மகளின் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதினார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், எண் போட்டு எழுதினார்.

1. போர்ட்டருக்குக் காப்பீடு இருக்கிறதா?
2. குளிருக்கு ஏற்ற உடையும் ஷூவும் இருக்கிறதா?
3. ராத்திரி எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார்?
4. உடம்புக்கு முடியாமல் போனால் கூலி வெட்டுவீர்களா?

காத்மாண்டுவில் பணம் கட்டும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அப்போது அவர் கேட்டது, அறையோடு கழிப்பறை இருக்குமா என்பதைத்தான்.

நான்காவது கேள்விக்கு மட்டும் அங்கேயே பதில் எழுதினார்கள். கைடும் ஆசிரியரும் பேசி, கடைசி நாள் வரைக்கும் முழுக் கூலி என்று முடிவு செய்தார்கள். அதைக் கைடு சொன்னபோது இளைஞர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியரைப் பார்த்து, "தாய், சாயா குடிக்கிறீங்களா?" என்றார். அவர் "சர்" என்று சொல்லாதது அதுதான் முதல்முறை.

நான்கு எண்கள்

மறுநாள் பிற்பகல் மகள் வந்து சேர்ந்தாள். உதடு வெடித்திருந்தது, மூக்கு வெயிலில் கறுத்திருந்தது. ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்பா. கல்லும் பனியும்தான். ஒரு பெரிய பாறையில எழுதி வெச்சிருக்காங்க, எல்லாரும் வரிசையில நின்னு போட்டோ எடுக்கிறாங்க. அங்கருந்து எவரெஸ்ட் உச்சி தெரியவே இல்ல, தெரியுமா? பக்கத்து மலை மறைச்சுடுது. இன்னிக்குக் காலையில காலா பத்தர் ஏறினப்பதான் தெரிஞ்சுது."

"தெரியும்மா" என்றார் ஆசிரியர். "வகுப்புல சொல்லியிருக்கேன்."

படங்களைக் காட்டினாள். கறுப்பாக ஒரு முக்கோணம், அதன் தலையில் காற்று அள்ளிக்கொண்டு போகும் பனி. ஆசிரியர் போனை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். ஆசை போய்விட்டது என்று சொல்ல முடியாது. தொண்டையில் என்னவோ அடைத்தது. மகள் அதைக் கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் ஆக்ஸிமீட்டரை எடுத்தாள். முதலில் இளைஞரைக் கூப்பிட்டாள். 84. அப்பாவுக்கு 86. கைடு சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். நோட்டில் அன்று நான்கு எண்கள் ஏறின.

பிறகு வைஃபை கார்டு வாங்கி அம்மாவுக்கு போன் போட்டார்கள். படம் விட்டுவிட்டு வந்தது.

"போய்ப் பார்த்தாச்சா?" அம்மா கேட்டார்.

"அவ பார்த்துட்டா. நான் போகல" என்ற ஆசிரியர், கொஞ்சம் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். வாந்தி, கோடு, 63, இறக்கம். "எனக்கும் தலை வலிச்சுது. ஒரு ராத்திரி மறைச்சுட்டேன். சத்தியத்தை மீறிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ஆசிரியர் போனைக் குலுக்கினார். பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?"

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில், முதல் வரிசை பெஞ்சில், இளைஞர் தட்டை நீட்டி இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.